அவர் பேசியது ஜெர்மன் இல்லை

உங்கள் வீட்டில் பேசுகிற மொழிக்கு என்ன பெயர் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள்தானே? கொடுத்துவைத்தவர்கள். எனக்கு இன்றுவரை அந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது.

நாங்கள் பேசுவது தெலுங்கு என்று திருவண்ணாமலைக்காரர்கள் சொல்வார்கள். அதே தெலுங்கில் திருப்பதிக்குப் போய் ரூம் கேட்டால், கவுன்டரில் இருப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் பதில் சொல்வார். எந்த ராஜாவின் படையோடு எப்போது இந்தப் பக்கம் வந்தோம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வந்த இடத்தில் கண்ணில் பட்ட தமிழ் வார்த்தைகளை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டோம் என்பது மட்டும் கேட்டாலே தெரியும். எழுதத் தெரியாது. படிக்கத் தெரியாது. வீட்டில் அதற்குப் பெயர் 'மன மாட்ட'. நம்ம பேச்சு. அவ்வளவுதான். தெருவில் மற்றவர்கள் எங்கள் ஜாதிப் பெயரைச் சொல்லி, பின்னால் 'பாஷை' என்று ஒட்டிக்கொள்வார்கள். ஸ்கூலில் யாராவது அப்படிச் சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும். அதனால் வீட்டு வாசலைத் தாண்டியதும் அம்மாவிடம்கூட தமிழில்தான் பேசுவேன். அம்மா மட்டும் நம்ம பேச்சிலேயே பதில் சொல்லி மானத்தை வாங்குவார்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அடி அண்ணாமலையில் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் அவருடைய கூம்பு ஸ்பீக்கர்தான். கார்த்திகை தீபத்தன்று கிரிவலப் பாதையில் காணாமல் போனவர்களை அறிவிக்கும் பந்தல் ஒன்று எங்கள் ஊர் ஓரத்தில் போடுவார்கள். அங்கேயும் மைக் மாமாவுடையது. ஆந்திராவிலிருந்து கூட்டம் ஜாஸ்தியாக வர ஆரம்பித்ததும், தெலுங்கில் சொல்ல ஆள் வேண்டும் என்று தேடினார்கள். "நம்ம மைக்செட்டுக்காரரே தெலுங்குதானே" என்று யாரோ சொல்ல, மாமா ஒரே நாளில் அறிவிப்பாளர் ஆகிவிட்டார்.

அதற்காக அவர் செய்த தயாரிப்பு பெரிய காமெடி. டிவியில் தெலுங்கு நியூஸ் போட்டு, எதிரே உட்கார்ந்து, நியூஸ் வாசிக்கிற அம்மா மாதிரியே வாயைக் குவித்துப் பழகினார். நம்ம பேச்சு மைக்குக்கு ஆகாது, அது வீட்டுக்குள் பேசுவது என்பது அவர் கட்சி. அப்படியும் முதல் வருடமே, ஆந்திரப் பக்கம் குப்பம் ஊரிலிருந்தோ எங்கிருந்தோ வந்த ஒரு பெரியவர் பந்தலுக்குள் தலையை நீட்டி, இத்தனை நேரம் ஸ்பீக்கரில் வந்தது என்ன பாஷை என்று மரியாதையாகவே விசாரித்துவிட்டுப் போனார். மாமா அன்று மதியம் சாப்பிடவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வருடம் நடந்தது. நான் அப்போது ஆறாவது படித்தேன். தீபத்துக்கு லீவு. பந்தலில் உட்கார்ந்து, தொலைந்துபோய் அழுகிற குழந்தைகளுக்கு பிஸ்கட் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பது என் வேலை. மாமா, பாதுகாப்புக்குப் போட்டிருந்த ஏட்டு ஒருவர், நான். இவ்வளவுதான் பந்தல்.

மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் இளநீர்க்கார அக்கா ஒரு வெள்ளைக்காரப் பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வயது எண்பதுக்கு மேலே இருக்கும். முழுக்கை வெள்ளைச் சட்டை, தலையில் சாம்பல் கலர் துணித்தொப்பி. காலில் செருப்பு இல்லை. மலை சுற்றுகிறவர்கள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள் என்பதால் அவரைப் பார்த்த யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. ரொம்ப நேரமாகக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்திருக்கிறார். இளநீர்க் கடை பக்கத்தில் நின்று, போகிறவர் வருகிறவர் சட்டையை எல்லாம் பிடித்து ஏதோ கேட்டிருக்கிறார்.

மாமா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பெயர் கேட்டார், ஊர் கேட்டார். பெரியவர் நீளமாக, பொறுமையாக, கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னார். அது இங்கிலீஷ் இல்லை என்பது மட்டும் எங்களுக்குப் புரிந்தது. தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று வரும், முடிவில் பாட்டு மாதிரி ஏறி இறங்கும். பிஸ்கட் கொடுத்தேன். வாங்கி, பாதியை உடைத்து எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

ஏட்டுக்குக் கவலை வேறு. சாயங்காலம் ஆறு மணிக்கு மலை மேல் தீபம் ஏற்றுவார்கள். அதற்கு முன்னால் ரோட்டில் ஒரு எள் விழ இடம் இருக்காது. அதற்கப்புறம் இவரைத் தேடி யாரும் வரவும் முடியாது, இவரை எங்கேயும் கொண்டுபோகவும் முடியாது. வயசான உடம்பு, இந்த நெரிசலில் என்ன ஆகும் என்று அவர் ஓயாமல் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளக்காரன் பாஷ வெள்ளக்காரனுக்குத் தெரியாமயா பூடும்? எவனாச்சும் போனா இட்டுனு வா" என்று என்னை வாசலில் நிறுத்தினார்.

முதலில் மாட்டிய பிரெஞ்சுக்கார அம்மா கேட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அடுத்து ஒரு இளைஞன். சடை பிடித்த முடி, இடுப்பில் காவி வேட்டி, ஜெர்மன்காரன். பெரியவர் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து காது கொடுத்தான். கேட்கக் கேட்க அவன் முகம் மலர்ந்தது. பாதி புரிகிறது, ஏதோ பழங்காலத்துக் கிராமத்து ஜெர்மன் மாதிரி இருக்கிறது, மகளைத் தேடுகிறார் போல, மீதி தெரியவில்லை என்றான்.

"பாதி புரியுதுன்னா ஜெர்மன்தான். ஊருக்கு ஊரு மாறும் இல்ல" என்று மாமா முடிவு கட்டிவிட்டார். திருப்பதி கவுன்டரில் அவமானப்பட்டு வந்த குடும்பத்து மனிதர் சொன்ன தீர்ப்பு இது. எனக்கும் சரியாகத்தான் பட்டது.

ஸ்பீக்கர் முழங்கியது. ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அடி அண்ணாமலை பந்தலில் இருக்கிறார், உறவினர்கள் உடனே வரவும். தமிழில் ஒரு தரம், டிவி தெலுங்கில் ஒரு தரம். பிறகு மாமா மைக்கை அந்த இளைஞனிடம் நீட்டினார். அவன் கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கி, ஜெர்மனில் சத்தமாகச் சொன்னான். கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே போயின.

பெரியவர் எழுந்து நின்றார்.

யாரும் சொல்லவில்லை. அவராகவே தொப்பியைக் கழற்றி வலது தொடையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. கண் தரையில். அவ்வளவு நேரம் ஓயாமல் பேசிய வாய் மூடிக்கொண்டது. சாமி ஊர்வலம் வரும்போது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார்களே, அந்த மாதிரி மரியாதை என்று நினைத்தேன். ஏட்டுக்கே மனது நெகிழ்ந்துவிட்டது. "தாய்மொழிய கேட்டதும் பாரு, இன்னா மரியாத" என்றார்.

மாமாதான் முதலில் பார்த்தார். பெரியவரின் பேன்ட் நனைந்திருந்தது. ஈரம் காலோடு இறங்கி மண்ணில் பரவியது. அவர் அசையவில்லை. மாமா மைக்கை ஆஃப் பண்ணிவிட்டு, தன் பையிலிருந்த மாற்று வேட்டியை எடுத்து, அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். உட்கார வைக்கப் பார்த்தார். உட்கார மாட்டேன் என்கிறார்.

ஜெர்மன்காரன் முகம் வெளுத்துப் போயிருந்தது. பெரியவரைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து பந்தலுக்கு வெளியே போய், துணி மறைவில், அவர் கண்ணில் படாத இடத்தில் நின்றான். மாமா போய்க் கேட்டதற்கு, "அவர் ஜெர்மன் இல்லை, என்னைப் பார்த்து பயப்படுகிறார், என்னை மறுபடி பேசச் சொல்லாதீர்கள்" என்று இங்கிலீஷில் சொன்னான். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இவ்வளவு பெரிய ஆள் எதற்கு அழப் பார்க்கிறான் என்று நான் வேடிக்கை பார்த்தேன்.

மாமா ரொம்ப நேரம் மைக்கைத் தொடவில்லை. ஏட்டு பொறுமை இழந்து, ஜெர்மனும் இல்லை என்றால் வேறு என்னதான் சொல்லி அறிவிப்பது என்று கத்தினார். பாஷை பாதி ஒன்றாக இருக்கிறதாம், ஆனால் அந்த ஊர்க்காரர் இல்லையாம், இதென்ன வம்பு என்று கேட்டார். மாமா அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மைக்கை எடுத்து, நாடும் சொல்லாமல் பாஷையும் சொல்லாமல், "சாம்பல் கலர் துணித்தொப்பி, வெள்ள முழுக்கை சட்ட போட்ட வெளிநாட்டுப் பெரியவர்" என்று மட்டும் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மலை உச்சியைப் பார்த்து ஜனங்கள் இடம் பிடித்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

கூட்டத்துக்குள்ளிருந்து திட்டுகள் கேட்டன. மலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும். தீபத்தன்று எதிர்த்திசையில் நடக்கிறவரைப் பார்த்தால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? "எதிர்ல வராதம்மா", "அறிவு இருக்குதா" என்று ஆளாளுக்குத் தள்ளத் தள்ள, ஒரு வெள்ளைக்கார அம்மா அத்தனை பேரையும் இடித்துக்கொண்டு எதிர்த் திசையில் வந்தார். நைந்த காட்டன் புடவை, நரைத்த முடி. பந்தலுக்குள் நுழைந்ததும் பெரியவர் காலடியில் உட்கார்ந்து, அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அதே பாட்டு மாதிரியான பேச்சில் ஏதோ சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் பெரியவருடைய முழங்கால் மடங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் மகள். கிரிவலப் பாதையில் மாடி வீடு ஒன்றில் பல வருடமாக வாடகைக்கு இருக்கிறவர். தமிழ் நன்றாகவே பேசினார், கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி. அப்பாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது என்றார். பிற்பாடு படித்த பாஷைகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன, முதலில் வந்தது மட்டும் நிற்கிறது. தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று போன மாதம்தான் கூட்டிவந்திருக்கிறார். கதவு திறந்திருந்திருக்கிறது. "கூட்டமா ஒரே பக்கம் நடந்தா, அவரும் வரிசையில சேந்துடுவாரு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை.

ஏட்டு கண்டிப்பான குரலில், மதியத்திலிருந்து தொண்டை கிழிய அறிவித்துக்கொண்டிருக்கிறோமே, காதில் விழவில்லையா என்று கேட்டார்.

விழுந்ததாம். இந்தப் பந்தலுக்கு எதிர்ப்பக்கம், ரோட்டோரத்தில் கூட்டத்துக்குள் நின்று கேட்டாராம். ஜெர்மனிப் பெரியவர் என்றதும், தன் அப்பா இல்லை என்று தாண்டிப் போய்விட்டாராம். இன்னும் தள்ளி, குபேர லிங்கம் பக்கம் போன பிறகு தொப்பி என்று கேட்டுத் திரும்பி ஓடி வந்திருக்கிறார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் கேட்டார், "அப்ப அவர் பேசுறது இன்னா பாஷைங்க?"

"யித்திஷ்."

"அப்டின்னா?"

"யூதருடையதுன்னு அர்த்தம். எங்க ஆளுங்களோடது."

ஏட்டு சிரித்துவிட்டார். "பாஷய கேட்டா ஜாதிய சொல்றீங்களேம்மா."

"எங்களுதையும் அப்டித்தான் ஏட்டய்யா சொல்றாங்க ஊர்ல" என்றார் மாமா. அவர் சிரிக்கவில்லை.

அந்த அம்மா மாமாவை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். பெரியவர் கையைத் தடவிக்கொண்டே, அவசரமில்லாமல் சொன்னார். இங்கிலீஷில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம். அவர்களுடைய ஆட்கள் ரொம்ப காலத்துக்கு முன்னால் ஜெர்மன் நாட்டுப் பக்கம் இருந்திருக்கிறார்கள். அங்கே பேசிய பேச்சை எடுத்து, தங்கள் வேதத்துப் பாஷையைக் கலந்து, தங்கள் எழுத்தில் எழுதி, கிழக்கே போன இடத்தில் அந்த ஊர் வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது. 'டைட்ச்' என்று சும்மா சொல்லியிருக்கிறார்கள், ஜெர்மன் என்பதற்கு அவர்கள் வாயில் வந்த வார்த்தை. பிறகு 'யித்திஷ் டைட்ச்' என்று ஆனது. யூதருடைய ஜெர்மன். வீட்டுக்குள்ளே அம்மா பாஷை என்பார்களாம். படித்தவர்கள், அவர்களிலேயே பெரிய படிப்புப் படித்தவர்கள், இதெல்லாம் ஒரு பாஷையா, உடைந்த பேச்சு என்று கேலி செய்திருக்கிறார்கள். கடைசியில் 'டைட்ச்' என்ற வால் உதிர்ந்து, 'யித்திஷ்' மட்டும் நின்றுவிட்டது. இப்போது அந்தப் பாஷையில் 'டைட்ச்' என்றால், 'அர்த்தம்' என்றுதான் அர்த்தமாம்.

மாமா வாயைத் திறந்துகொண்டு கேட்டார். டிவி நியூஸைக்கூட அவர் அப்படிக் கேட்டதில்லை.

"அந்த வாலு எங்க தாத்தா காலத்துக்கு முன்னாடியே விழுந்துடுச்சு" என்றார் அந்த அம்மா. "நீங்க இன்னைக்கி மைக்ல அத திரும்ப ஒட்டி வெச்சிட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் மாமாவால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று ஏதேதோ சொன்னார். பெரியவர் தொப்பியைக் கழற்றியதைப் பற்றிக் கேட்டார். அந்த அம்மா தொப்பியை வாங்கி, தூசி தட்டி, அப்பா தலையில் வைத்துச் சரிசெய்தார்.

"யுத்த சமயத்துல, சின்னப் பையனா இருக்கும்போது, தெனம் காலைல வரிசையில நிக்க வெச்சு, தொப்பிய எடுக்கச் சொல்லுவாங்க. ஸ்பீக்கர்ல. ஜெர்மன்ல. லேட்டா எடுத்தவன் திரும்பி வரமாட்டான்."

எங்கள் பிரேயரிலும் லேட்டாக வருகிறவர்களை வெயிலில் நிற்க வைப்பார்கள், சில பேரை வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். அந்த மாதிரி ஸ்கூல் என்று நான் புரிந்துகொண்டேன். பாவம், ரொம்ப ஸ்ட்ரிக்ட் போல என்று நினைத்துக்கொண்டு மிச்சமிருந்த பிஸ்கட் பாக்கெட்டை அவர் மடியில் வைத்தேன்.

ஏட்டு ஒரு வண்டிக்கு வழி விடச் சொல்லி ஏற்பாடு பண்ணினார். அப்பாவை எழுப்பும்போது அந்த அம்மா மாமாவிடம் ஒன்று கேட்டார். அறிவிப்பை மாற்றிச் சொல்ல முடியுமா?

ஆள்தான் கிடைத்துவிட்டாரே, கிடைத்த ஆளுக்கு அறிவிப்பு எதற்கு என்றார் ஏட்டு. அது வழக்கமும் இல்லை. தீபத்துக்கு நேரம் நெருங்கிவிட்டது, ஸ்பீக்கர் லைனைக் கோயில் பக்கத்துப் பெரிய பந்தலின் பாட்டுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லி வாக்கிடாக்கியில் வேறு கத்திக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் இருந்த அத்தனை பேரும் மலையைப் பார்த்துக் கை கூப்பியபடி நின்றார்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

மாமா மைக்கை ஆன் பண்ணினார்.

"ஒரு திருத்தம். கொஞ்சம் முன்னாடி ஜெர்மனிப் பெரியவர்னு சொன்னோம். அது தப்பு. அவர் ஜெர்மனி இல்ல, யூதர். அவர் பேசுற பாஷ யித்திஷ். அவர் மக வந்துட்டாங்க."

வாக்கிடாக்கி திட்டியது. மாமா மைக்கைக் கீழே வைக்கவில்லை. தெலுங்கு பாக்கி இருந்தது. நான் டிவி குரலுக்குக் காத்திருந்தேன். அவர் நம்ம பேச்சில் சொன்னார். அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே பேச்சில், பாதி தமிழோடு, இழுத்து இழுத்து, கம்பத்துக்குக் கம்பம். ரோட்டில் உட்கார்ந்திருந்த ஆந்திராக்காரர்கள் சிலர் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. என் கிளாஸ் பசங்க யாராவது கேட்டிருப்பார்களோ என்று மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

வெளியே துணி மறைவில் அந்த ஜெர்மன்காரன் இன்னும் நின்றிருந்தான். வண்டி கிளம்பும்போது அந்த அம்மா அவனைப் பார்த்தார், அவன் கை கூப்பினான். அவர் தலையசைத்தார். பெரியவரை மட்டும் அவன் பக்கம் திரும்ப விடாமல், தோளால் மறைத்துக்கொண்டு போனார்.

மாமா மைக்கை ஆஃப் பண்ணிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மகள் கிடைத்தாயிற்று, அப்பா வீட்டுக்குப் போயாயிற்று, யாருமே கேட்காத ஒன்றை எதற்கு அவ்வளவு பெரிய கூட்டத்தில் கத்திச் சொல்ல வேண்டும், அதையும் சிரிப்பு வருகிற பேச்சில் ஏன் சொல்ல வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் மாமா மானத்தை வாங்கிவிட்டார் என்று அம்மாவிடம் போட்டுக் கொடுத்தேன். தமிழில்தான்.

இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கிற என் போனின் கீபோர்டு மொழிப் பட்டியலில் யித்திஷ் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பேச்சு இல்லை.